போஸ்ட்கிரெஸ் சர்வரில் ஷேர்டு மெமரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிண்டி, அம்பத்தூர், ஓஎம்ஆர் என்று சென்னையைச் சுற்றியுள்ள சின்ன நிறுவனங்களின் டேட்டாபேஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. பெரும்பாலும் லினக்ஸில் ஓடும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள். மெமரி விஷயமாக வரும் போன்களில் திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாரும் ஷேர்டு_பஃபர்ஸ் (படித்த டேட்டாவை வைத்துக்கொள்ளப் போஸ்ட்கிரெஸ் எடுக்கும் பொது மெமரி) எண்ணைப் பற்றியே கேட்கிறார்கள். நான் பார்த்தவரை சர்வரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அது இல்லை. கனெக்ஷன் எண்ணிக்கையோடு பெருகும் மற்ற எண்கள்தான் கவிழ்க்கின்றன. அமைப்புகளின் பெயர்களை ஒலிப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன்.

ஷேர்டு மெமரி எதற்கு? ஒவ்வொருவரும் தன் மெமரியை வைத்துக்கொண்டால் ஆகாதா?

போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்ஷனும் ஒரு தனி ப்ராசஸ், அதாவது தனியாக ஓடும் ஒரு ப்ரோக்ராம். ஒரு ப்ராசஸின் மெமரியை இன்னொன்று எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் ஒருவர் டிஸ்கிலிருந்து படித்த பேஜ் (டேட்டாவின் ஒரு துண்டு) அடுத்தவருக்கும் உதவ வேண்டும். ஒருவர் ஒரு டேபிளைப் பூட்டியிருப்பது மற்றவருக்குத் தெரிய வேண்டும். திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கியவர்களுக்குச் சட்டென்று புரியும்: அறைகள் தனித்தனி, ஆனால் நியூஸ்பேப்பர் கீழே ஹாலில் ஒன்றுதான். அறைக்கு ஒன்று வாங்கினால் கட்டுப்படியாகாது.

அந்த ஹாலில் பெரிய பங்கு ஷேர்டு_பஃபர்ஸுக்கு. டேபிள், இண்டெக்ஸ் பேஜ்கள் தலா 8 கேபி அளவில் அங்கே உட்கார்ந்திருக்கும். மிச்ச இடத்தில் பூட்டுப் பட்டியல், டிஸ்குக்குப் போகக் காத்திருக்கும் வால் பதிவுகள் (ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் குறித்துவைக்கும் டபிள்யூஏஎல்), யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற கணக்கு எல்லாம் இருக்கும். 13ஆம் பதிப்பிலிருந்து பிஜி_எஸ்எச்மெம்_அலொகேஷன்ஸ் என்ற வியூ இருக்கிறது. எந்தப் பகுதிக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று அது வரிவரியாகக் காட்டும். ஒருமுறையாவது அதைத் திறந்து பாருங்கள்.

ஷேர்டு_பஃபர்ஸ் எவ்வளவு வைக்கலாம்?

நிறுவியவுடன் பொதுவாக 128 எம்பி இருக்கும். டேட்டாபேஸுக்கென்றே ஒதுக்கிய மெஷின் என்றால் ரேமில் 25 சதவீதத்தில் தொடங்குங்கள் என்பது போஸ்ட்கிரெஸ் ஆவணத்தின் அறிவுரை. 40 சதவீதத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் பலன் இல்லை என்றும் அதுவே சொல்கிறது. 16 ஜிபி மெஷினுக்கு 4 ஜிபி. நானும் அதில்தான் தொடங்குவேன். வாரக்கணக்கில் கவனித்த பிறகே கை வைப்பேன்.

ஏன் 25? எண்பது வைத்தால் இன்னும் வேகமாக ஓடாதா?

சென்னையில் அபார்ட்மெண்ட்டில் இருப்பவர்கள் தண்ணீர் எப்படி வருகிறது என்று யோசியுங்கள். முதலில் கீழே சம்ப், அப்புறம் மோட்டார் போட்டு மேல் டேங்க். போஸ்ட்கிரெஸும் அப்படித்தான். டிஸ்கிலிருந்து வரும் பேஜ் முதலில், லினக்ஸின் மையமான கெர்னல் தன் ரேமில் வைத்திருக்கும் கேஷில் விழுகிறது. அங்கிருந்து நகலெடுத்து ஷேர்டு பஃபருக்குப் போகிறது. ஒரே பேஜ் இரண்டு இடத்திலும் இருக்கலாம். மேல் டேங்க்கைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் சம்ப்புக்கு இடம் இல்லை. அதோடு சமையலறைக்கும் குளியலறைக்கும் இடம் வேண்டும், அதாவது ஒவ்வொரு கனெக்ஷனின் சொந்த மெமரிக்கும். எண்பது வைத்தால் அந்தச் சொந்த மெமரிதான் முதலில் மூச்சுத்திணறும்.

டேங்க் பெரிதானால் செக்பாயிண்ட் நேரத்தில், அதாவது மாற்றங்களை டிஸ்கில் சேர்க்கும் நேரத்தில், அதிலுள்ள அழுக்குப் பேஜ்களை (மாறியும் இன்னும் டிஸ்குக்குப் போகாதவை) எழுதி முடிக்கும் வேலையும் கூடும்.

ஒரு பெரிய டேபிளை முழுக்க ஸ்கேன் செய்தால் பஃபரில் உள்ள எல்லாம் வெளியே போய்விடாதா?

போகாது. டேபிளின் அளவு ஷேர்டு_பஃபர்ஸில் கால் பங்கைத் தாண்டினால், அந்த ஸ்கேனுக்கு 256 கேபி அளவில் ஒரு சின்ன வளையத்தை மட்டும் போஸ்ட்கிரெஸ் கொடுக்கும். அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் படித்துக்கொள்ள வேண்டும்.

எஃபெக்டிவ்_கேஷ்_சைஸை 12 ஜிபி ஆக்கினேன். மெமரி ஏறவே இல்லையே?

ஏறாது. அது ஒரு பைட்டைக்கூட ஒதுக்குவதில்லை. "கெர்னல் கேஷையும் சேர்த்து இவ்வளவு இருக்கும் என்று வைத்துக்கொள்" என்று, க்வெரியை எப்படி ஓட்டலாம் என முடிவெடுக்கும் ப்ளானருக்குச் சொல்லும் குறிப்பு, அவ்வளவுதான்.

கான்ஃபிக் மாற்றினேன், ரீலோடும் கொடுத்தேன். இன்னும் 128தான் காட்டுகிறது.

ஷேர்டு மெமரி சர்வர் எழும்போது ஒரே தடவையாக வாங்கப்படுவது. ரீலோட் போதாது, ரீஸ்டார்ட் வேண்டும். பிஜி_செட்டிங்ஸ் வியூவில் பெண்டிங்_ரீஸ்டார்ட் என்ற பத்தியைப் பாருங்கள். ரீஸ்டார்ட்டுக்குக் காத்திருப்பவை எவை என்று அங்கே தெரியும்.

டாப் கமாண்டில் ஒவ்வொரு ப்ராசஸும் 4 ஜிபி தின்கிறது. நூறு ப்ராசஸ் இருக்கிறதே, 400 ஜிபி எங்கிருந்து வந்தது?

எங்கிருந்தும் வரவில்லை. ஒரே ஹாலை நூறு பேரும் "என் வீடு" என்று கணக்கில் காட்டுகிறார்கள். ரெஸ் என்ற பத்தியில், அந்த ப்ராசஸ் இதுவரை தொட்ட ஷேர்டு பேஜ்களும் சேர்ந்துவிடும். அதனால்தான் புதிதாக வந்த கனெக்ஷன் சின்னதாகத் தெரிந்து, போகப் போக "வீங்குகிறது". மெமரி லீக் என்று பதறிப்போய் எனக்குப் போன் செய்பவர்களில் பாதிப் பேர் பார்த்தது இதைத்தான்.

சரியான கணக்கு வேண்டுமென்றால் ப்ராசஸின் ஸ்மாப்ஸ் ஃபைலில் பிஎஸ்எஸ் எண்ணைப் பாருங்கள். பகிரப்பட்ட பேஜைப் பங்கு போட்டு எண்ணுவது அதுதான். ஃப்ரீ கமாண்டில் இன்னொரு பொறி இருக்கிறது. ஷேர்டு மெமரி பஃப்/கேஷ் என்ற பத்திக்குள் ஒளிந்திருக்கும். கேஷ்தானே, தேவைப்பட்டால் கெர்னல் விட்டுக்கொடுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பகுதியை அப்படித் தூக்கியெறிய முடியாது.

வொர்க்_மெம் கூட ஷேர்டு மெமரியில் சேர்த்தியா?

இல்லை. அது சார்ட் (வரிசைப்படுத்தல்), ஹாஷ் (பொருத்திப் பார்க்கப் போடும் அட்டவணை) வேலைகளுக்கு ஒவ்வொரு ப்ராசஸும் எடுக்கும் சொந்த மெமரி. ஆனால் ஷேர்டு மெமரி வாங்கியது போக மிச்சம் இருப்பதைத் தின்பது அதுதான். நான் பட்ட அடியைச் சொல்கிறேன்.

தி.நகரில் ஒரு துணிக்கடையின் பில்லிங் சர்வர். 16 ஜிபி ரேம், ஷேர்டு_பஃபர்ஸ் 4 ஜிபி, 150 கனெக்ஷன் வரை அனுமதி. தினசரி ரிப்போர்ட் இழுக்கிறது என்று புகார் வந்தது. பார்த்தால் சார்ட் மெமரியில் கொள்ளாமல் டிஸ்குக்குப் போகிறது. வொர்க்_மெம் இயல்பான 4 எம்பியில் இருந்தது. சர்வர் முழுமைக்கும் 64 ஆக்கினேன். ரிப்போர்ட் பறந்தது, கடைக்காரர் காபி வாங்கிக் கொடுத்தார். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம் எல்லா கவுண்டரும் திறந்திருந்தன. மாடியில் நாலைந்து பேர் ஸ்டாக் ரிப்போர்ட் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரேம் தீர்ந்தது, ஒரே நொடியில் எல்லா கவுண்டரும் நின்றது.

கணக்கு இதுதான். வொர்க்_மெம் என்பது கனெக்ஷனுக்கு ஒன்று இல்லை. க்வெரிக்குள் வரும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஒவ்வொரு ஹாஷுக்கும் தனித்தனி வரம்பு. 15ஆம் பதிப்பிலிருந்து ஹாஷ் என்றால் அதன் இரண்டு மடங்கு வரை போகலாம். 150ஐ 64ஆல் பெருக்கினால் 9,600 எம்பி. அது ஆளுக்கு ஒரே ஒரு சார்ட் என்று வைத்துக்கொண்டால். ரிப்போர்ட் க்வெரியில் மூன்று, நான்கு இருக்கும். ஒரே க்வெரியைப் பங்கு போட்டு ஓட்டும் பேரலல் வொர்க்கர்கள் சேர்ந்தால் அவர்களுக்கும் தனித்தனி. எல்லாரும் ஒரே சமயத்தில் முழு அளவும் எடுப்பது அபூர்வம்தான். அபூர்வமான அந்தச் சாயங்காலம்தான் வருஷத்தின் பெரிய வியாபார நாள்.

பெருக்கிப் பார்க்காமல் மாற்றியது என் தப்பு. பிறகு பொதுவான எண்ணை 4க்கே இறக்கிவிட்டு, ரிப்போர்ட்டுக்கென்று இருந்த யூசருக்கு மட்டும் ஆல்டர் ரோல் மூலம் 64 கொடுத்தேன். நடுவில், கனெக்ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் வைத்து உண்மையான கனெக்ஷன்களை 30க்குள் அடக்கினேன். பெருக்கலில் 150 இருந்த இடத்தில் 30 வந்தால் எத்தனையோ எண்கள் தானாகச் சரியாகிவிடுகின்றன. இதே வரிசையில் மெயின்டனன்ஸ்_வொர்க்_மெம் ஒன்று உண்டு, இயல்பாக 64 எம்பி. பழைய வரிகளைத் தானாகச் சுத்தம் செய்யும் ஆட்டோவாக்குவம் வொர்க்கர்கள் இயல்பாக 3 பேர். அவர்களும் ஆளுக்கு அந்த அளவை எடுக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

கெர்னல் கொன்றது ஒரு ப்ராசஸை. எல்லா கனெக்ஷனும் ஏன் அறுந்தது?

பொதுவான ஹால் என்பதால்தான். ரேம் தீர்ந்தால் லினக்ஸ் ஒரு ப்ராசஸைத் தேர்ந்தெடுத்து சிக்னல் 9 கொடுத்துக் கொல்லும். செத்தவர் ஷேர்டு மெமரியில் ஏதாவது எழுதிக்கொண்டிருந்த பாதியில் செத்திருக்கலாம். அங்கே இருப்பது இனி நம்பத்தக்கதா என்று யாருக்கும் தெரியாது. அதனால் போஸ்ட்மாஸ்டர் (மற்ற ப்ராசஸ்களைக் கிளப்பும் தலைமை ப்ராசஸ்) எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஷேர்டு மெமரியைப் புதிதாக அமைத்து, வாலிலிருந்து மீட்டுக்கொண்டு எழும். கொடூரமாகத் தெரிந்தாலும் சரியான முடிவு. கெட்டுப்போன பேஜ் டிஸ்கில் போய் உட்கார்வதைவிட ஐந்து நிமிடம் க்யூ நிற்பது மேல்.

இதைத் தவிர்க்க, இருப்பதைவிட அதிகமாக மெமரி தருவதாக வாக்குக் கொடுக்காதே என்று கெர்னலில் ஓவர்கமிட்_மெமரியை 2 ஆக்கலாம். அப்போது மெமரி கேட்கும் க்வெரிக்கு "இல்லை" என்ற பதில் போகும். அந்த ஒரு க்வெரி மட்டும் தோற்கும், மற்றவை ஓடும். ஆனால் ஓவர்கமிட்_ரேஷியோ இயல்பாக 50. ஸ்வாப் (ரேமுக்கு உதவியாக டிஸ்கில் ஒதுக்கும் இடம்) இல்லாத மெஷினில் பாதி ரேம்தான் கணக்கில் வரும். அதையும் சேர்த்துச் சரிசெய்யாமல் 2 வைத்தால், ரேம் நிறைய இருக்கும்போதே மெமரி இல்லை என்ற பிழை வரும்.

ஹியூஜ் பேஜஸ் அவசியமா?

ஹியூஜ் பேஜஸ் என்றால் கெர்னல் ரேமைப் பெரிய துண்டுகளாகக் கொடுப்பது. சின்ன சர்வரில் அவசியமில்லை. கனெக்ஷனும் பஃபரும் பெருகும்போது அவசியம். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சாதாரண கெர்னல் பேஜ் 4 கேபி (போஸ்ட்கிரெஸின் 8 கேபி பேஜ் வேறு). 4 ஜிபி ஷேர்டு பஃபரில் 10,48,576 பேஜ்கள். எந்த பேஜ் எங்கே என்று சொல்லும் அட்டவணையில் ஒவ்வொன்றுக்கும் 8 பைட். ஆக 8 எம்பி. இந்த அட்டவணை பகிரப்படுவதில்லை, ப்ராசஸுக்கு ஒன்று. 200 கனெக்ஷன் நாள் முழுக்க உயிரோடு இருந்து பஃபர் முழுவதையும் தொட்டுவிட்டால், வெறும் அட்டவணைக்கே 1,600 எம்பி. ஷேர்டு_பஃபர்ஸை 16 ஜிபி ஆக்கினால் இதுவும் நாலு மடங்கு. எந்த டேஷ்போர்டிலும் பளிச்சென்று தெரியாத செலவு இது. மெம்இன்ஃபோ ஃபைலில் பேஜ்டேபிள்ஸ் என்ற வரியில்தான் தெரியும்.

ஹியூஜ் பேஜ் 2 எம்பி. அதே 4 ஜிபிக்கு 2,048 பதிவுகள் போதும், ப்ராசஸுக்கு சில பத்து கேபியில் முடிந்துவிடும். எத்தனை ஒதுக்குவது என்று ஊகிக்க வேண்டாம். 15ஆம் பதிப்பிலிருந்து ஷேர்டு_மெமரி_சைஸ்_இன்_ஹியூஜ்_பேஜஸ் என்று கேட்டால் சர்வரே எண்ணைச் சொல்லும். பஃபர் தவிர மற்றவையும் இருப்பதால் 2,048ஐவிடக் கூடுதலாகவே வரும். அந்த எண்ணை கெர்னலின் என்ஆர்_ஹியூஜ்பேஜஸில் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. போஸ்ட்கிரெஸில் ஹியூஜ்_பேஜஸ் இயல்பாக "ட்ரை" என்று இருக்கும். கிடைத்தால் எடுக்கும், கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் 4 கேபிக்குப் போய்விடும். அப்போது ஒதுக்கிவைத்த ஹியூஜ் பேஜ்களை வேறு யாரும் தொடவும் முடியாது, ரேம் இரட்டைச் செலவு. நான் "ஆன்" என்றே வைப்பேன். கிடைக்காவிட்டால் சர்வர் எழாது. அந்த நிமிடமே தெரிந்துவிடும். 17ஆம் பதிப்பில் ஹியூஜ்_பேஜஸ்_ஸ்டேட்டஸ் என்று நேரடியாகவே கேட்டுக்கொள்ளலாம்.

"டிவைஸில் இடமில்லை" என்று பிழை. டிஸ்கில் 300 ஜிபி காலியாக இருக்கிறது!

டிஸ்கை விடுங்கள். பிழைச் செய்தியில் ஷேர்டு மெமரி செக்மெண்ட் என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இது மெமரி வரம்பு. கெர்னல் கொடுக்கும் அதே பழைய பிழை எண்ணுக்கு அதே வாசகம், அதனால் வரும் குழப்பம்.

இன்று இது பெரும்பாலும் டாக்கரில் (ப்ரோக்ராமைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் மென்பொருள்) வரும். பேரலல் க்வெரி ஓடும்போது வொர்க்கர்கள் பேசிக்கொள்ள /டெவ்/எஸ்எச்எம் என்ற இடத்தில் தாற்காலிகமாக ஷேர்டு மெமரி எடுப்பார்கள். முன்னே சொன்ன ஹாலும் இதுவும் வேறு வேறு. டாக்கர் கன்டெய்னரில் அந்த இடம் இயல்பாக 64 எம்பிதான். இரண்டு பெரிய ஹாஷ் ஜாயின் சேர்ந்தால் நிரம்பிவிடும். கன்டெய்னரைக் கிளப்பும்போது எஸ்எச்எம்-சைஸை 1 ஜிபி என்று கொடுத்தால் தீர்ந்தது. டெவலப்பர் லேப்டாப்பில் வராது, ப்ரொடக்‌ஷனில் மட்டும் வரும். லேப்டாப்பில் அவ்வளவு டேட்டா இல்லையே.

"ஷேர்டு மெமரி தீர்ந்துவிட்டது" என்கிறது. ரேம் பாதி காலி. என்ன கூத்து?

தீர்ந்தது பூட்டுப் பட்டியல். கீழேயே குறிப்பு இருக்கும்: மேக்ஸ்_லாக்ஸ்_பெர்_ட்ரான்சாக்‌ஷனைக் கூட்டிப் பாருங்கள் என்று. அவசரத்தில் அந்த இரண்டாம் வரியை யாரும் படிப்பதில்லை.

அந்த எண் இயல்பாக 64. மேக்ஸ்_கனெக்ஷன்ஸ் இயல்பாக 100. இரண்டையும் பெருக்கினால் சுமார் 6,400 பொருள்களைப் பூட்ட இடம். பெயர் "பெர் ட்ரான்சாக்‌ஷன்" என்று ஏமாற்றும். ஒரு ட்ரான்சாக்‌ஷன் 64க்கு மேல் பூட்டக்கூடாது என்று அர்த்தமில்லை. மொத்தப் பட்டியலின் அளவைக் கணக்கிட ஒரு சராசரி, அவ்வளவே. பள்ளிகளுக்கு மென்பொருள் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் தனி ஸ்கீமா (டேபிள்களின் தொகுப்பு) வைத்திருந்தார்கள். 400 பள்ளி, தலா 30 டேபிள், ஆக 12,000. பிஜி_டம்ப் பேக்கப் எடுக்கும்போது எல்லா டேபிளையும் ஒரே ட்ரான்சாக்‌ஷனில் பூட்டும். பள்ளிகள் குறைவாக இருந்தவரை ஓடிய பேக்கப் ஒருநாள் நின்றுபோனது. எண்ணை 256 ஆக்கி ரீஸ்டார்ட் செய்தோம். அதற்குக் கூடுதலாகப் போகும் மெமரி அற்பம். கூட்டத் தயங்காதீர்கள்.

பழைய கட்டுரைகளில் எஸ்எச்எம்மேக்ஸ் மாற்றச் சொல்கிறார்கள். செய்ய வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். 2013இல் வந்த 9.3க்கு முன்பு போஸ்ட்கிரெஸ் தன் மொத்த ஷேர்டு மெமரியையும் சிஸ்டம் ஃபைவ் என்ற பழைய யூனிக்ஸ் முறையில் வாங்கியது. லினக்ஸில் அதற்கு இயல்பான உச்சவரம்பு 32 எம்பி. நிறுவியவுடன் கெர்னலில் கை வைத்தே ஆக வேண்டிய காலம் அது. எஸ்எச்எம்மேக்ஸ் (ஒரு துண்டின் வரம்பு) பைட்டில், எஸ்எச்எம்ஆல் (மொத்த வரம்பு) பேஜில். இரண்டையும் ஒரே அலகு என்று நினைத்துக் குழம்பாதவர் கிடையாது. 9.3இல், அந்த வரம்பு இல்லாத எம்மேப் முறைக்கு மாறினார்கள். 2014இல் லினக்ஸ் 3.16 வரம்பையே மிகப் பெரிதாக்கிவிட்டது. இன்று சிஸ்டம் ஃபைவில் மிச்சம் இருப்பது ஒரு குட்டித் துண்டு மட்டும். அது எதற்கு என்று கடைசிக் கேள்வியில் வரும்.

பேரலல் க்வெரி சிலசமயம் "செக்மெண்ட் ஃபைலைக் காணோம்" என்கிறது. மறுபடி ஓட்டினால் ஓடுகிறது.

போஸ்ட்கிரெஸ் யூசரைச் சாதாரண யூசராக உருவாக்கியிருக்கிறீர்கள். அந்தப் பெயரில் யாராவது லாகின் செய்து வெளியே போனால், லினக்ஸில் சர்வீஸ்களையும் லாகின்களையும் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டி அவருக்குச் சொந்தமான ஷேர்டு மெமரியைக் குப்பை என்று கூட்டித் தள்ளிவிடும். அதன் லாகின்ட் கான்ஃபிக்கில் ரிமூவ்ஐபிசியை "நோ" ஆக்குங்கள். பேக்கேஜ் மூலம் நிறுவினால் சிஸ்டம் யூசராக இருக்கும், இந்தத் தொல்லை வராது.

கேஷ் ஹிட் 99 சதவீதம் வந்தால் போதும்தானே?

கேட்ட பேஜ் எத்தனை தடவை ஷேர்டு பஃபரிலேயே கிடைத்தது என்ற அந்த எண்ணை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. "டிஸ்கிலிருந்து படித்தது" என்று போஸ்ட்கிரெஸ் எண்ணுவதில் பாதி, கெர்னல் கேஷிலிருந்து வந்திருக்கலாம். சம்ப்பிலிருந்து வந்ததா, லாரியிலிருந்து வந்ததா என்று மேல் டேங்க்குக்குத் தெரியாது. மோசமாக எழுதிய க்வெரி ஒரே பேஜை லட்சம் தடவை பஃபரில் தொட்டாலும் 99 வரும். பிஜி_பஃபர்கேஷ் எக்ஸ்டென்ஷனைப் போட்டு, எந்த டேபிள் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். யாருக்கும் வேண்டாத பழைய லாக் (பதிவு) டேபிள் ஒன்று பாதி ஹாலில் படுத்திருப்பது அங்கேதான் தெரியும்.

ரிச்சி ஸ்ட்ரீட் போய் ரேம் வாங்கிப் போட்டுவிட்டால் தீராதா?

சிலசமயம் தீரும், அதை ஒத்துக்கொள்கிறேன். டேட்டா 20 ஜிபி, ரேம் 8 என்றால் நான் மூன்று நாள் ட்யூன் செய்வதைவிட ரேம் மலிவு. கான்ஃபிக்கைத் தொடாவிட்டாலும் புது ரேமைக் கெர்னல் கேஷாகப் பயன்படுத்திக்கொள்ளும். போர்டு எந்த வகை ரேம் ஏற்கும் என்று எழுதிக்கொண்டு போங்கள். சர்வருக்கான ரெஜிஸ்டர்டு ரேமும் டெஸ்க்டாப் ரேமும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஆனால் பூட்டுப் பட்டியலும் டாக்கரின் 64 எம்பியும் எத்தனை ரேம் போட்டாலும் அப்படியேதான் இருக்கும்.

மைஎஸ்க்யூஎல், ஆரக்கிளுக்கும் இதே கணக்கா?

மைஎஸ்க்யூஎல் ஒரே ப்ராசஸ், உள்ளே ஒரே மெமரியைப் பகிர்ந்துகொள்ளும் த்ரெட்கள். அதனால் இந்தத் தலைவலியில் பாதி இல்லை. ஷேர்டு_பஃபர்ஸ் போல அதில் இருக்கும் இன்னோடிபி பஃபர் பூலுக்கும் இயல்பு 128 எம்பிதான். ஆனால் ஓ-டைரக்ட் வைத்தால் கெர்னல் கேஷைத் தாண்டிப் போவதால், தனி மெஷினில் 80 சதவீதம் வரைகூடக் கொடுக்கிறார்கள். 5.7இலிருந்து ரீஸ்டார்ட் இல்லாமலே மாற்றலாம். ஆரக்கிளில் பொது மெமரி எஸ்ஜிஏ, சொந்த மெமரி பிஜிஏ. ஓஆர்ஏ-00845 என்ற பிழை வந்தால் /டெவ்/எஸ்எச்எம் அளவைப் பாருங்கள், இரண்டுக்கும் சேர்த்து வைக்கும் மெமரி_டார்கெட்டைவிடச் சின்னதாக இருக்கும். மெமரி_டார்கெட்டும் ஹியூஜ் பேஜும் சேர்ந்து வேலை செய்யாது.

ராத்திரி 2 மணி. ஷேர்டு_பஃபர்ஸ் மாற்றினேன், சர்வர் எழ மறுக்கிறது.

லாக் ஃபைலின் கடைசிப் பத்து வரியைப் படியுங்கள். மெமரி ஒதுக்க முடியவில்லை என்றால், சர்வரைக் கிளப்பும் கமாண்டிலேயே ஷேர்டு_பஃபர்ஸ் 128 எம்பி என்று சேர்த்துக் கொடுங்கள். கமாண்டில் கொடுப்பது கான்ஃபிக் ஃபைலை மீறும். எழுந்த பிறகு ஃபைலைத் திருத்துங்கள். ஆல்டர் சிஸ்டம் மூலம் மாற்றியிருந்தால் அது ஆட்டோ கான்ஃப் என்ற இன்னொரு ஃபைலில் இருக்கும். முக்கியக் கான்ஃபிக்கை எவ்வளவு திருத்தினாலும் அதுதான் ஜெயிக்கும்.

"ஏற்கெனவே உள்ள ஷேர்டு மெமரி இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது" என்று வந்தால் அது வேறு கதை. போஸ்ட்மாஸ்டரை யாரோ கில் -9 கொடுத்திருக்கிறார்கள், பிள்ளை ப்ராசஸ்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஒரே டேட்டா டைரக்டரியில் இரண்டு சர்வர் எழுந்து ஒன்றையொன்று அழிக்காமல் காவல் காப்பதுதான் அந்தக் குட்டி சிஸ்டம் ஃபைவ் துண்டு. போஸ்ட்மாஸ்டரின் ப்ராசஸ் எண் இருக்கும் பிஐடி ஃபைலை அழிப்பதோ, ஐபிசிஆர்எம் கமாண்டால் அந்தத் துண்டை நீக்குவதோ அந்தக் காவலாளியை அடித்துத் துரத்துவது மாதிரி. பிஎஸ் கமாண்டில் பழைய போஸ்ட்கிரெஸ் ப்ராசஸ்களைத் தேடுங்கள். அவற்றுக்குச் சிக்னல் 9 வேண்டாம், சாதாரண டெர்ம் சிக்னல் கொடுங்கள். கடைசி ஒன்றும் போன பிறகு சர்வரைக் கிளப்புங்கள், பிஐடி ஃபைலை அதுவே பார்த்துக்கொள்ளும்.